மலைக்குப் போகிறவர்களும் மலையில் இருப்பவர்களும்

(ஆதம்பாக்கத்தில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைச் சாப்ளின் ஐயா அவர்கள் ஆற்றிய உரை)



வழக்கமாக இப்படிப்பட்ட கூடுகைகளில் நாங்கள் மருத்துவமனையின் வேலையைப் பற்றித்தான் பேசுவோம். எத்தனை பிரசவம், எத்தனை அறுவை சிகிச்சை, எந்த வார்டுக்குக் கூரை மாற்ற வேண்டும் என்ற விவரங்களோடுதான் வந்தோம். அந்தத் தாள்கள் இதோ பைக்குள்ளேயே இருக்கின்றன. நேற்று மாலை நடந்த ஒரு காரியத்தால் அவற்றை வெளியே எடுக்க மனம் வரவில்லை.

பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கி வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும், சபையின் பெண்கள் ஐக்கியத்தார் சிலர் எங்களைப் பார்க்க வந்தார்கள். மே மாதம் இரண்டு பேருந்து அமர்த்திக் கொடைக்கானலுக்குப் போகப்போகிறார்களாம். "ஐயா, நீங்க அந்த மலையடிவாரத்துலயே இருக்கீங்க. எதை எதைப் பார்க்கலாம்னு சொல்லுங்க" என்று கேட்டார்கள். ஏரி, தூண் பாறை, குணா குகை, மன்னவனூர் புல்வெளி என்று நாங்களும் உற்சாகமாகச் சொன்னோம். சகோதரிகள் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் போனபிறகு எங்களுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அதன் காரணத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. பூம்பாறைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிரசவ வலியோடு ஒரு தாயை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். உதிரப்போக்கு இருந்தபடியால் கீழே கொண்டு போகும்படி சொல்லிவிட்டார்கள். கொடைக்கானல் ஊரைத் தாண்டி, வெள்ளி அருவி வழியாக இறங்கி வரவேண்டும். சாதாரண நாளில் மூன்று மணி நேரத்திற்குள் எங்கள் வாசலுக்கு வந்துவிடலாம். அன்றைக்கு ஆறு மணி நேரத்திற்கும் மேல் ஆயிற்று. வெள்ளி அருவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மைல் கணக்கில் கார்களும் வேன்களும் நின்றன. அருவிக்கு முன் நின்று படம் பிடிக்கிறவர்கள் சாலையிலேயே வண்டியை ஓரங்கட்டிவிட்டார்கள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அன்று இரவு அந்தத் தகப்பனோடு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு வார்த்தை வரவில்லை. அவர்தான் பேசினார். "யாரையும் குத்தம் சொல்ல முடியாதுங்க ஐயா. முன்னால நின்னவங்க எல்லாரும் வழிவிடத்தான் பார்த்தாங்க. விடறதுக்கு இடம் இல்ல." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நானும் சீசனுக்கு ஜீப்பு ஓட்டறவன்தாங்க. அந்தக் கூட்டம் வரலைன்னா எனக்கும் சோறு இல்ல" என்றார்.

இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்து யோசித்தால்தான் மலைச் சுற்றுலாவின் கதை விளங்கும் என்று நினைக்கிறோம். ஒன்றை விட்டு ஒன்றைப் பேசுகிறவர்கள் அநேகர் உண்டு.

முதலில் நமது வீட்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். கொடைக்கானலை கோடைவாசஸ்தலம் ஆக்கியவர்கள் யார்? நம்மவர்கள்தான். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனெரிமார், காலராவிலும் காய்ச்சலிலும் குடும்பங்களைப் பறிகொடுத்துத் தவித்தபோது, 1845-ல் மேலே ஏறி நேபோ மலையடியில் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். பெயரைப் பாருங்கள், நேபோவாம்! உயிர் பிழைக்கவே போனார்கள். அதைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் அவர்களையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்துச் சுமந்து ஏறியவர்கள் நம்முடைய கூலியாட்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாகனம் செல்லும் மலைச்சாலை வருகிற வரைக்கும் அப்படித்தான். 1863-ல் லெவிஞ்சு துரை ஓடையை மறித்து ஏரி கட்டினார். நாம் போய் வேடிக்கை பார்க்கிற "இயற்கை" ஏரி மனுஷர் கட்டினதுதான். உதகமண்டலத்து ஏரியும் அப்படியே. அது 1820-களில் ஜான் சல்லிவன் துரை ஏற்பாட்டில் உண்டானது. அங்கே தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளிகளின் மேல்தான் பங்களாக்கள் எழும்பின.

ஆக, வருகிறவர்களுடைய வசதிக்காக மலையை மாற்றுவது நேற்று ஆரம்பித்த காரியமல்ல. அன்றைக்கு வந்தவர்கள் சில நூறு பேர். 2011 கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியின் ஜனத்தொகை 36,501. நமது ஆதம்பாக்கம், வேளச்சேரி வட்டாரத்தில் நாலைந்து தெருக்கூட்டத்தைச் சேர்த்தால் அவ்வளவு பேர் வந்துவிடுவார்கள். அத்தனை பேருக்கென்று இருக்கிற தண்ணீரையும், சாக்கடையையும், குப்பை வண்டியையும் கொண்டு, சீசனில் ஒரே வாரத்தில் வந்துபோகும் பெருங்கூட்டத்திற்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தை உங்களுக்கு விளக்கவே வேண்டாம். 2019 ஜூனில் சென்னை வறண்டபோது லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடினவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த நாட்களில் பக்கத்து ஓட்டலில் மாத்திரம் நீச்சல் குளம் நிரம்பியிருந்தால் உங்கள் மனம் எப்படி இருந்திருக்கும்? ஏப்ரல், மே மாதங்களில் மேலே பல தெருக்களுக்கு அப்படித்தான். வீட்டுக் குழாயில் சில நாட்களுக்கு ஒரு முறை தண்ணீர். விடுதிகளுக்கு லாரி லாரியாகத் தண்ணீர். லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கீழேயுள்ள ஓடைகளிலிருந்தும், விற்கச் சம்மதித்த விவசாயியின் கிணற்றிலிருந்தும் வருகிறது. அந்தக் கிணற்றுக்குக் கீழே இருக்கிற தோட்டக்காரன் சம்மதித்தானா என்று யாரும் கேட்பதில்லை.

மலையில் தண்ணீர் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதைச் சொன்னால் இது இன்னும் நன்றாகப் புரியும். பழனி மலையிலும் நீலகிரியிலும் உயரத்தில் சோலைக்காடு உண்டு. பள்ளத்தாக்கின் மடிப்புகளில் குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும். அதைச் சுற்றிலும் மேடுகளெல்லாம் புல்வெளி. இரண்டும் சேர்ந்து மழையைக் கடற்பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்று மாதங்களான பிறகும் ஓடையாகக் கசிய விடும். வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பின்னும் அந்தப் புல்வெளிகளில் சவுக்கு போன்ற சீகை மரமும், யூக்கலிப்டசும், பைனும் நட்டார்கள். பைன் காட்டைப் பார்த்து நாம் படம் எடுத்துக்கொள்கிறோம். சினிமாக்காரர்களும் அங்கேதான் பாட்டுப் பிடிக்கிறார்கள். அதன் அடியில் ஒரு புல்லும் முளைப்பதில்லை என்பதைக் கவனிக்கிறவர்கள் சிலரே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி அந்தப் புல்வெளிக்குரிய செடி. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. அதைப் பார்க்கப் போகிற கூட்டமே அதை மிதித்துவிட்டு வருகிறது என்று வனத்துறை நண்பர் ஒருவர் எங்களிடம் வருந்தினார்.

இந்த மலைத்தண்ணீர்தான் ஒட்டன்சத்திரம், பழனி வட்டாரங்களின் வயலுக்கும் குடத்துக்கும் இறங்கி வருகிறது. எங்கள் மருத்துவமனைக் கிணறும் அதையே நம்பியிருக்கிறது. மேலே மலக்கழிவு ஓடையில் கலந்தால், சில வாரத்தில் கீழே எங்கள் குழந்தைகள் வார்டு நிரம்பும். இதைச் சொல்ல எங்களுக்கு ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை.

கட்டடங்களைப் பற்றி அதிகம் பேசினால் அரசியல் பேசுவதாக நினைப்பீர்கள். ஒன்றைச் சொல்லிவிட்டு விடுகிறோம். மலைப்பகுதிக் கட்டடங்களுக்கென்று 1990-களின் தொடக்கத்திலேயே தனி விதிகளும் மாஸ்டர் பிளானும் வந்துவிட்டன. உயரமாகக் கட்டக் கூடாது, சரிவை வெட்டக் கூடாது என்பது அவற்றின் சாரம். அந்த நாட்களிலேயே கொடைக்கானலில் ஒரு ஓட்டல் ஏழு மாடியாக எழும்பிற்று. அரசு கொடுத்த விதிவிலக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த விவகாரத்திலிருந்து கிளம்பிய வழக்கில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி தீர்ப்பு வந்தபோது, தர்மபுரியில் ஒரு பேருந்துக்குத் தீ வைத்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் வெந்து மாண்டார்கள். மேல்முறையீட்டில் 2001-ல் அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் விடுதலையானார்கள். மலைமேல் கூடுதலாக ஏறிய மாடிகளில் தொடங்கிய கதை எங்கே போய் முடிந்தது என்று அந்நாட்களில் எங்கள் வார்டில் வந்து அழுத தாய்மார்களை இன்னும் நினைத்துக்கொள்கிறோம். அவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் யாரோ, ஆனாலும் அழுதார்கள்.

சரிவை வெட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு நீலகிரி சாட்சி. 2009 நவம்பரில் பெய்த மழையில் அங்கே நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் அதிகமானோர் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. 2015-ல் இங்கே வேளச்சேரி மூழ்கினதைக் கண்ட உங்களுக்கு அந்த எண்ணின் பயங்கரம் தெரியும். தட்டையான ஊரில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். சரிவில் வீடே தண்ணீரோடு போகும்.

மிருகங்களையும் சொல்லவேண்டும். முதுமலைக்கு அடுத்த மசினகுடிப் பக்கம் யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குக் கடந்து போகும் வழியில் விடுதிகள் முளைத்தன. அந்த வழித்தடம் காக்கப்பட வேண்டுமென்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு மூன்றே மாதம் கழித்து, 2021 ஜனவரியில், விடுதிப் பக்கம் வந்த ஒரு யானையின்மேல் எரிகிற டயரை எறிந்தார்கள். அது செத்துப்போயிற்று. அந்தப் படத்தை நாங்கள் ஒரு தடவைதான் பார்த்தோம்.

இனி நீதிமன்றம் வாகனங்களைப் பற்றிச் சொன்னதற்கு வருவோம். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் அரசு வைத்த கணக்கின்படி, சீசனில் நீலகிரிக்கு மாத்திரம் ஒரு நாளைக்குச் சுமார் 11,500 கார்கள், 1,300 வேன்கள், 600 பேருந்துகள், 6,500 இருசக்கர வாகனங்கள் ஏறுகின்றன. நீதிபதிகள் திகைத்தார்கள். அந்த ஆண்டு மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாயிற்று. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்புவிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் முடியும் வரை எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது. ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் அந்தக் கட்டு இல்லை.

மறுநாளே, ஏப்ரல் 2-ஆம் தேதி, நீலகிரியில் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். பட்டணத்துப் பத்திரிகைகளில் சிலர் அவர்களைப் பேராசைக்காரர் என்று எழுதினார்கள். எங்களுக்கு அது சம்மதமில்லை. வருஷத்தில் இரண்டரை மாதம் சம்பாதித்து ஒன்பதரை மாதம் சாப்பிடுகிற குடும்பங்கள் அவை. சாக்லேட்டு விற்கிறவன், குதிரை பிடிக்கிறவன், வர்க்கி சுடுகிறவன், விடுதியில் ஐஸ் போன்ற தண்ணீரில் படுக்கை விரிப்பு துவைக்கிற அம்மா. அவர்களில் அநேகர் எங்கள் நோயாளிகள். கை வெடித்து, மூச்சிரைத்து வருவார்கள். சீசன் முடிந்த பிறகுதான் வருவார்கள். சீசனில் வியாதிப்பட அவர்களுக்கு நேரமில்லை.

ஆனாலும் கட்டுப்பாடு வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். வெள்ளி அருவிச் சாலையில் நின்ற அந்த ஆம்புலன்சை நினைத்தால் வேறு விதமாகச் சொல்ல முடியவில்லை. இ-பாஸ் வண்டியைத்தான் எண்ணுகிறது. அறைகளை எண்ணுவதில்லை, தண்ணீரை எண்ணுவதில்லை. அதுவே அதன் குறை. ஒரு கார் கேரளத்திலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ வந்து ஐந்து நாள் தங்கினாலும் ஒன்றுதான், காலையில் ஏறி மாலையில் குப்பையைப் போட்டுவிட்டு இறங்கினாலும் ஒன்றுதான்.

இது நம் மலைக்கு மட்டும் வந்த சோதனையல்ல. 2018 மே, ஜூனில் சிம்லாவில் குழாய்கள் வறண்டபோது, அவ்வூர் ஜனங்களே "தயவு செய்து இப்போது வராதிருங்கள்" என்று சுற்றுலாக்காரரைக் கேட்டுக்கொண்டார்கள். சோறு போடுகிறவனைப் பார்த்து வராதே என்று சொல்ல எவ்வளவு தவித்திருக்க வேண்டும்! நேப்பாள அரசு 2014-ல் எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் ஆளுக்கு எட்டு கிலோ குப்பை இறக்கிவர வேண்டும், இல்லாவிட்டால் குழுவின் 4,000 டாலர் முன்பணம் திரும்பாது என்று விதித்தது. கீழ் முகாம்களின் குப்பையைப் பொறுக்கிக் கணக்குக் காட்டினார்கள். உச்சிக்குக் கிட்டே உள்ளது அங்கேயே கிடந்தது. சட்டத்தைச் சரிக்கட்டுகிற புத்தி எந்த உயரத்திலும் உண்டு.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தகப்பனுக்கு ஒன்றரை ஏக்கர் பூண்டுத் தோட்டம் உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு என்றால் சாதாரணமல்ல. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. புகையில் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. பக்கத்துத் தோட்டக்காரர் காட்டேஜ் கட்டுகிறவர்களுக்கு நிலத்தை விற்றார். கண்டிராத பணம் வந்தது. பணம் மூன்று வருஷத்தில் தீர்ந்தது. இன்று அதே நிலத்தில் கேட்டைத் திறந்து மூடும் வாட்ச்மேனாக நிற்கிறார். "எங்கப்பா வச்ச பேரிக்கா மரத்துல பழம் பறிக்கவும் ஓனரைக் கேக்கணுங்க ஐயா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நம் நண்பர் இதுவரை விற்கவில்லை. ஆனால் மகள் கல்யாணம் வருகிறது.

ஆகவே சகோதரிகளே, நேற்று நாங்கள் சொன்ன பட்டியலோடு இவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். போகவேண்டாம் என்று சொல்லமாட்டோம். நாங்களே அங்கு போய் இளைப்பாறுகிறவர்கள்தான்.

கூடுமானால் மே மாதத்தை விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் விடுமுறையால் முடியாதென்றால் செவ்வாய், புதன், வியாழன் பாருங்கள். இரண்டு பேருந்து என்பது நல்ல தீர்மானம். அதையே இருபது காராக மாற்றிவிடாதீர்கள். பேருந்துக்கும் இ-பாஸ் வேண்டுமா, என்ன விவரம் என்று புறப்படுமுன் விசாரித்துப் பதிந்துகொள்ளுங்கள். மலை ஓட்டிப் பழகின டிரைவரைக் கேளுங்கள். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, கடைசி வளைவில் பிடிக்காது. எங்கள் விபத்துப் பிரிவு பார்த்த மலை விபத்துக்களில் பல இப்படி வந்தவையே. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். அருவிக்கு முன் சாலையில் நிறுத்தச் சொல்லி டிரைவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

குளிருக்காக அறைக்குள் கரியடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திப் படுக்க வேண்டாம். அந்தப் புகைக்கு வாசனையில்லை. உறக்கத்திலேயே உயிர் போய்விடும்.

தண்ணீருக்குப் பெரிய கேனும் வீட்டு எவர்சில்வர் டம்ளரும் எடுத்துப் போங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் 2024-ல் இருபது ரூபாய் பசுமை வரி போட்டார்கள். வரிக்குப் பயந்து அல்ல, அந்தப் பாட்டில் போய்ச் சேருகிற பள்ளத்தாக்கை நாங்கள் பார்த்திருக்கிறோம். சாப்பாட்டுக்குச் சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னீர்கள். செலவு குறையும், உண்மைதான். ஒரு வேளையாவது அவ்வூர்க் கடையில் சாப்பிடுங்கள். குப்பையும் சந்தடியும் மட்டும் நம்முடையதாகி, பணம் முழுவதும் ஆதம்பாக்கத்துக்கே திரும்பினால் அது நியாயமாகப் படவில்லை.

குரங்குக்கும் காட்டுமாட்டுக்கும் ஒன்றும் போடவேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். காட்டுமாடு ஊருக்குள்ளேயே நடக்கும். பசு என்று எண்ணிக் கிட்டே போனவர்கள் எங்கள் வார்டில் படுத்திருக்கிறார்கள்.

மருத்துவமனைக் கணக்குத் தாள்களைப் போதகர் ஐயாவிடம் கொடுத்துவிட்டோம். விரும்புகிறவர்கள் வாங்கிப் பார்க்கலாம். பின் வாசல் அருகே மேஜையில் ஒரு சாக்கு இருக்கிறது. அந்தத் தகப்பன் அனுப்பிய பூண்டு, இருபது கிலோ. சென்னைக்குப் போகிறோம் என்றதும் இரவோடிரவாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். விலை சீட்டில் எழுதியிருக்கிறது. பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். பணம் நாளை ரயிலில் எங்களோடு அவருக்குப் போகிறது.